வியாழன் வேகமாகச் சுற்ற வேண்டும்

எட்டாம் வகுப்பில் என்னை வியாழனாக்கினார்கள். அதற்கு முன்பு எனக்கு இருந்த பட்டப்பெயர்கள் சாதாரணமானவை: பூசணி, தண்ணி லாரி, கன்டெய்னர். துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் லாரிகள் பள்ளி வாசலில் நாள் முழுக்க வரிசையில் நிற்கும். அதனால் கன்டெய்னர் என்ற பெயர் எந்தப் பையனுக்கும் தானாகத் தோன்றக்கூடியது. வியாழன் அப்படியில்லை. அது அறிவியல் மிஸ் யோசித்து வைத்தது. அதனாலேயே பள்ளியை விட்டு வெளியேறும்வரை என்னோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

பள்ளி திருவொற்றியூரில். எங்கள் வீடு கொருக்குப்பேட்டையில். அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து மளிகை மொத்த வியாபாரம் செய்தவர். பருப்பு மூட்டைகளுக்கும் சீனி மூட்டைகளுக்கும் நடுவில் வளர்ந்த பெண் பிள்ளை இப்படித்தான் இருக்கும் என்று கடைக்கு வருகிறவர்கள் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். சின்ன வயதில் அது கொஞ்சல் மாதிரி இருந்தது. பத்து வயதுக்கு மேல் வலித்தது.

அறிவியல் மிஸ்ஸுக்கு அப்போது முப்பது வயதிருக்கலாம். கஞ்சி போட்ட பருத்திப் புடவை கட்டுவார். குரலை உயர்த்தியதே கிடையாது. அவர் பாடம் நடத்தினால் கடைசி பெஞ்சில்கூடச் சத்தம் இருக்காது. இதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்: கோள்களைப் பற்றி இன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தது. "சனி தண்ணியைவிட லேசு. அதைப் போடுற அளவுக்குப் பெரிய கடல் ஒண்ணு இருந்தா, மூழ்காம மிதக்கும்" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் வழியாகக் கடல் இருந்த திசையைப் பார்த்தார். நாங்கள் நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தோம். அங்கே தெரிந்தது புகைபோக்கிகள்தான். ஆனாலும் எனக்கு அன்றைக்கு சனி மிதந்தது தெரிந்தது.

அந்த வருட அறிவியல் கண்காட்சிக்கு மைதானத்தில் சூரியக் குடும்பம் செய்யப் போவதாக மிஸ் சொன்னார்.

"தெர்மாகோல் உருண்டைக்கு பெயின்ட் அடிச்சுக் கம்பியில குத்தி வைக்கிறது எல்லா ஸ்கூல்லயும் இருக்கு. நம்ம கோள்கள் உயிரோட சுத்தும்."

உள்ளே இருக்கிற நான்கு சின்னக் கோள்களுக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். சூரியன், வகுப்பில் முதல் ரேங்க் எடுக்கிற பையன். சூரியன் இடத்தைவிட்டு நகராது என்பதால் அவனுக்கு ஷாமியானா பந்தலுக்குக் கீழே, விருந்தினர் நாற்காலிக்குப் பக்கத்தில் இடம். வெளியே இருக்கிற நான்கு பெரிய கோள்களைத்தான் மிஸ் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினார்.

"வியாழன். மத்த கோள் எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்துத் தராசுல வெச்சாலும், வியாழன் அதைவிட ரெண்டு மடங்குக்கு மேல எடை இருக்கும். யாரு வரீங்க?"

கேட்டுவிட்டு அமைதியாக நின்றார். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. வகுப்பு முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "சரி, நீங்களே முடிவு பண்ணிட்டீங்க" என்றார்.

சனிக்கு, தாளாளரின் தங்கை மகள். வெள்ளையாக, ஒல்லியாக இருப்பாள். வளையம் அவளுக்கு நன்றாக இருக்கும் என்று மிஸ் சொன்னார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

யுரேனஸ் என்றதும் மிஸ் இரண்டாவது பெஞ்சின் ஓரத்துக்கு நடந்து போனார். அங்கே உட்கார்ந்திருந்த பெண்ணை ஐந்தாம் வகுப்பில் ஒரு டிரெய்லர் உரசிவிட்டுப் போயிருந்தது. அப்பாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனபோது நடந்தது. இடுப்பெலும்பு உடைந்து, கோணலாகச் சேர்ந்துவிட்டது. வலது பக்கம் சாய்ந்துதான் நடப்பாள்.

"யுரேனஸ் மத்த கோள் மாதிரி நிமிர்ந்து நின்னு சுத்தாது. படுத்த வாக்குல உருண்டுகிட்டே சூரியனைச் சுத்தி வரும். ரொம்ப காலத்துக்கு முன்னாடி பெருசா ஏதோ ஒண்ணு வந்து இடிச்சு…" இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார். "இடிச்சுச் சாய்ச்சிருக்கலாம்னு சொல்றாங்க."

யுரேனஸ் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோளில் மிஸ் கையை வைத்தார், பரிசு கொடுக்கிற மாதிரி.

"கடைசி நெப்டியூன். வானத்துல வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாத கோள். இருக்கறதுலயே தள்ளி இருக்கறது."

கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த பெண்ணைக் காட்டினார். எண்ணூர்ப் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து வருகிறவள். அவள் அம்மா மீன் விற்றார். பக்கத்தில் உட்கார்ந்தால் மீன் வாடை வருகிறது என்று இரண்டு பேர் புகார் சொன்ன பிறகு மிஸ்தான் அவளைத் தனி பெஞ்சுக்கு மாற்றியிருந்தார். அவள் பெயரை யாராவது கூப்பிட்டு எதற்காவது தேர்ந்தெடுத்தது அதுதான் முதல் தடவை. நான்கு பேரில் சந்தோஷப்பட்டவள் அவள் ஒருத்திதான்.

"நெப்டியூன் நீலக் கலராமே" என்று மத்தியானம் தண்ணீர்க் குழாயடி வரிசையில் நின்ற யுரேனஸையும் என்னையும் தேடி வந்து சொன்னாள். "எங்கூட்ல புது நீலத் தார்ப்பாய் கீது. அம்மாவாண்ட கேட்டு எத்துனு வர்றேன்."

"நீ நீலம். நான் இன்னா கலரு?" என்றாள் யுரேனஸ்.

"பச்சையும் நீலமும் கலந்தா மாதிரி, புக்குல கீது பாரு."

"எனக்கு மண்ணு கலருதான். உருண்டா எல்லாம் ஒண்ணுதான்."

அன்றைக்கு மூன்று பேரும் சிரித்தோம். அதுவரை எங்களுக்குள் பேச்சு கிடையாது. அதன் பிறகு சாப்பாட்டு நேரத்தில் சேர்ந்து உட்கார ஆரம்பித்தோம். ஒருத்தியை ஒருத்தி கோள் பெயரால் கூப்பிட்டுக்கொண்டோம். நாங்கள் கூப்பிடும்போது அது கேலியாகத் தெரியவில்லை.

பயிற்சி தினமும் கடைசி பீரியடில் நடந்தது. மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் வட்டங்கள் போட்டிருந்தார்கள். மிஸ் ஒரு தடவை கைதட்டினால் ஒரு வருடம். வியாழன் சூரியனை ஒரு சுற்று வர ஏறக்குறைய பன்னிரண்டு வருடம் ஆகும் என்பதால் நான் பன்னிரண்டு தட்டலுக்குள் என் வட்டத்தை முடிக்க வேண்டும். சனிக்கு இருபத்தொன்பதரை வருடம். அவள் மெதுவாக, வளையம் ஆடாமல், கல்யாணப் பெண் மாதிரி நடந்தால் போதும்.

வட்டத்தில் ஓடினால் மட்டும் போதாது. ஓடிக்கொண்டே என்னை நானே சுற்றவும் வேண்டும்.

"வியாழனுக்கு ஒரு நாள்ங்கிறது பத்து மணி நேரம்கூடக் கிடையாது. எல்லாக் கோளையும்விட வேகமாச் சுத்தறது அதுதான். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு வேகமாச் சுத்தறதுதான் அதிசயம். சுத்து."

சுற்றினேன். முதல் நாள் மூன்றாவது சுற்றிலேயே தலை கிறுகிறுத்து, சுண்ணாம்புக் கோட்டின் மேல் வாந்தி எடுத்தேன். ஒரு பையன், "மிஸ், வியாழன்ல இருந்து கேஸ் வெளிய வருது" என்றான். மைதானமே சிரித்தது.

மிஸ்ஸும் சிரித்தார். "வியாழன் பெரும்பாலும் வாயுதான். காலை ஊணி நிக்கக் கெட்டியான தரையே அதுல கிடையாது. அறிவியல்படி அவன் சொன்னதுல தப்பில்லை."

இன்னொரு நாள் என்னைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தி எல்லோருக்கும் காட்டினார். வேகமாகச் சுற்றுகிற கோளுக்கு நடுப்பகுதி வெளியே பிதுங்கி, மேலும் கீழும் தட்டையாகிவிடும் என்று விளக்கினார். குச்சியால் என் இடுப்பைத் தொட்டார். "இவளுக்குப் பஞ்சு எதுவும் வெச்சுக் கட்ட வேண்டியதில்ல."

எனக்குத் தைத்த உடையில் ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பட்டைகள். வயிற்றில் சிவப்பு சாட்டின் துணியில் நீள்வட்டமாக ஒரு பொட்டு. அதுதான் வியாழனில் ஓயாமல் அடிக்கிற புயல், அதற்குள் பூமியையே போட்டுவிடலாம் என்றார். பையன்களுக்கு அது குறி பார்க்கிற இடமானது. சாக்பீஸ் துண்டுகளை உடைத்து, தூரத்தில் நின்று சிவப்பில் எறிவார்கள். பட்டால், "புயல்ல வுழுந்துச்சு மாமு!" என்று கத்துவார்கள். மிஸ் பார்த்தபோது நிறுத்துவார்கள். பார்க்காத மாதிரி இருந்தபோது எறிவார்கள். அவர் பெரும்பாலும் பார்க்காத மாதிரியே இருந்தார்.

வீட்டில் சொன்னேன். அம்மா அந்த உடையின் பக்கத் தையலைப் பிரித்து இன்னும் கொஞ்சம் தளர்த்திக்கொண்டிருந்தாள். உடையை ஒரே தடவையில் சரியாகத் தைக்க முடியவில்லை என்று டெய்லர் கொடுத்துவிட்டிருந்தார்.

"ஏட்டி, அந்த டீச்சர் பொய்யா சொல்லிட்டா? ரெண்டு இட்லியோட எந்திரின்னா கேக்கியா நீ? தின்னுபோட்டு இங்க வந்து கண்ணக் கசக்கிட்டு நிக்க."

ஊசியை வாயில் கவ்விக்கொண்டு நூலை அறுத்தாள். மறுநாள் அந்த உடையில்தான் போனேன்.

யுரேனஸின் பாடு என்னுடையதைவிட மோசம். அவள் தரையில் படுத்து உருள வேண்டும். மைதானத்து மண்ணில் சரளைக் கல் கலந்திருக்கும். வலது இடுப்பு தரையில் படும்போதெல்லாம் பல்லைக் கடிப்பாள்.

"மிஸ், இடுப்பு வலிக்குது மிஸ். நின்னுகினே சாஞ்சு காட்டட்டா?"

"கொஞ்சமா சாஞ்சு நிக்கறது பூமி. நீ பூமி இல்ல."

நெப்டியூனுக்கு உருளவும் வேண்டாம், ஓடவும் வேண்டாம். "நெப்டியூன் ஒரு சுத்து வர நூத்தி அறுபத்தஞ்சு வருஷம். அது ஒரு தடவை சுத்தி முடிக்கறதுக்குள்ள இங்க இருக்கற நாம எல்லாரும் செத்துப் போயிருப்போம். அதனால நீ சும்மா நில்லு. எப்பவாவது ஒரு அடி வை." சூரியனிலிருந்து பூமி இருக்கிற தூரத்தைப் போல முப்பது மடங்கு தள்ளி நெப்டியூன் இருக்க வேண்டும். அதற்கு மைதானம் போதவில்லை. "இன்னும் தள்ளி, இன்னும் தள்ளி" என்று சொல்லிக்கொண்டே போய், மைதானத்தின் கடைசிச் சுற்றுச்சுவரை ஒட்டி அவளை நிறுத்தினார். மரம் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் கூட்ஸ் ரயில் தண்டவாளம். சுவரோரம் யாரும் வளர்க்காத ஒரு பூச்செடிப் பாத்திக்காகச் செங்கற்களைச் சாய்த்துப் புதைத்திருந்தார்கள்.

கண்காட்சி மார்ச் மாதத்தில் நடந்தது. அன்றைக்குக் காலையில் பள்ளி வேனைவிட்டு இறங்கியதும் நெப்டியூன் தன் டப்பாவைத் திறந்தாள். அவள் அம்மா ஆப்பமும் தேங்காய்ப்பாலும் கொடுத்துவிட்டிருந்தார். "இன்னிக்கு நம்ம நாளு, மூணு பேரும் துன்னலாம் வா" என்றாள். சைக்கிள் ஷெட்டில் நின்று பங்கு போட்டுச் சாப்பிட்டோம். பிறகு நானும் யுரேனஸும் அவளுக்குத் தார்ப்பாயைச் சுற்றிவிட்டோம். மிஸ் வந்து பார்த்தார். உருண்டையாகத் தெரியவில்லை, கை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி, கைகளை உள்ளே வைக்கச் சொல்லி, நைலான் கயிற்றால் முதுகுப் பக்கம் அவரே இறுக்கிக் கட்டினார்.

விருந்தினர் காலையிலேயே வந்துவிடுவார் என்றார்கள். அவரவர் இடத்தில் நின்றோம். அவர் வரவில்லை. பெற்றோர்கள் வந்து பார்த்துவிட்டு நிழலுக்குப் போனார்கள். சூரியனுக்கு யாரோ ரோஸ்மில்க் கொண்டுவந்து கொடுத்தார்கள். சனியின் அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு மகளுக்குப் பக்கத்திலேயே நின்றாள். வெயில் உச்சிக்கு வந்தது.

நெப்டியூன் ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. யுரேனஸுக்குக் கேட்டது. அவள் கையைத் தூக்கி, "மிஸ், அவளுக்குத் தண்ணி வோணுமாம்" என்றாள்.

மிஸ் பந்தலில் மற்ற டீச்சர்களோடு இருந்தார். "இருக்கறதுலயே ஜில்லுனு இருக்கற இடத்துல நிக்கறா. அவளுக்கு எதுக்குத் தண்ணி?" என்றார். டீச்சர்கள் சிரித்தார்கள். பிறகு எங்களைப் பார்த்து, "யாரும் நகரக் கூடாது. நடந்தா கோடு அழிஞ்சிடும்" என்றார்.

அடுத்து ஒரு தடவையும் யுரேனஸ் கேட்டாள். அதற்குப் பதிலே வரவில்லை. அந்த நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது.

விருந்தினருக்குச் சால்வை போட்டார்கள். மிஸ் மைக்கைக் கையில் எடுத்தார். அழகாகப் பேசினார். கைதட்ட ஆரம்பித்ததும் நான் சுற்றினேன். இரண்டு வாரப் பயிற்சியில் வாந்தி வராமல் சுற்றப் பழகியிருந்தேன். கண்ணை ஒரு இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சுற்றிலும் அதையே பார்க்க வேண்டும். நான் பிடித்துக்கொண்ட இடம் நெப்டியூனின் நீலம். மைதானத்தில் பளிச்சென்று தெரிந்தது அது ஒன்றுதான். ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் சுவரோரம் நீலம் நின்றுகொண்டிருந்தது. ஒரு தடவை திரும்பியபோது கொஞ்சம் சாய்ந்திருந்தது. அடுத்த தடவை தரையில் கிடந்தது.

நான் நின்றேன். உடம்பு நின்றாலும் தலை நிற்கவில்லை. "வியாழன் நிக்கக் கூடாது" என்று மிஸ் மைக்கில் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் கோடுகளைத் தாண்டி சுவரைப் பார்த்து ஓடினேன். மைதானம் ஒரு பக்கமாகச் சரிந்தது. நேராக ஓடுவதாக நினைத்தேன். ஆனால் குறுக்கே போய் சனியின் மேல் விழுந்தேன். ஜிகினா ஒட்டிய தெர்மாகோல் வளையம் எனக்குக் கீழே நொறுங்கியது. சனி வீறிட்டு அழுதாள்.

மிஸ் மைக்கை வைத்துவிட்டு வந்தார். என் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, கன்னத்தில் அறைந்தார். அவர் யாரையும் அடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"மிஸ், நெப்டியூன்…" என்றேன். இன்னொரு அறை விழுந்தது.

அதற்குள் யுரேனஸ் எழுந்து, சாய்ந்து சாய்ந்து சுவர்வரை போயிருந்தாள். அங்கிருந்து கத்தினாள். "மிஸ்! அவ வாயெல்லாம் ரத்தம் மிஸ்!"

விருந்தினர் நாற்காலியைவிட்டு எழுந்து என்ன என்று கேட்டார். மிஸ் இன்னும் அந்தப் பக்கம் போகவே இல்லை. நின்ற இடத்திலிருந்தே திரும்பி, "ஒண்ணுமில்ல சார், ஒரு பொண்ணு சாப்பிடாம வந்துட்டா போல" என்றார்.

கைகள் தார்ப்பாய்க்குள் கட்டுண்டு இருந்ததால் விழும்போது அவளால் ஊன்ற முடியவில்லை. முகம் நேராகச் செங்கல் விளிம்பில் மோதியிருந்தது. மேலுதடு கிழிந்து, முன்பல் இரண்டும் உடைந்துவிட்டன. பள்ளி ஆயா ஓடிவந்து, கயிற்றை அவிழ்க்க வராமல் பிளேடால் அறுத்தார். தார்ப்பாயைப் பிரித்தபோது உள்ளிருந்து அனல் அடித்தது. யூனிஃபார்ம் தண்ணீரில் முக்கி எடுத்தது போல் நனைந்திருந்தது. ஆயாவும் வேன் டிரைவரும்தான் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். விருந்தினர் மற்ற அறைகளைப் பார்க்கப் போனார். மிஸ் கூடவே போனார்.

மறுநாள் நெப்டியூனின் அம்மா மார்க்கெட்டிலிருந்து நேராக வந்தார். மீன் கூடையோடு உள்ளே விடமாட்டேன் என்று வாட்ச்மேன் தடுத்தார். கூடையை ரோட்டிலேயே வைத்துவிட்டு கேட்டைப் பிடித்து ஆட்டினார்.

"இன்னாய்யா இஸ்கோலு நடத்தறீங்க? பொண்ண படிக்க அனுப்ச்சா மூட்ட கணக்கா கட்டி வெயில்ல நிக்க வெச்சுகிறீங்க! தையலு போட்டு வாய தொறக்க முடியாம கெடக்குது. வெளிய வாம்மா டீச்சரு, உன் மூஞ்ச பாக்கணும்!"

தாளாளர் அவரை அறைக்கு அழைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் யுரேனஸையும் என்னையும் கூப்பிட்டார்கள். உடைந்த வளையத்துக்காகவும் விருந்தினர் முன்னால் நான் நடந்துகொண்டதற்காகவும் என் அப்பாவையும் வரச்சொல்லியிருந்தார்கள். அவர் கைகட்டி ஓரமாக நின்றார். மிஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பொண்ணு காலையில சாப்பிடலைன்னு மிஸ் சொல்றாங்க. உங்களுக்குத் தெரியுமா?" என்று தாளாளர் கேட்டார்.

"சாப்பிட்டா சார்" என்றேன். "ஆப்பம் கொண்டுவந்திருந்தா. சைக்கிள் ஷெட்ல நாங்க சேர்ந்துதான் சாப்பிட்டோம். அப்புறம் தண்ணி கேட்டா, மிஸ் தரல."

நான் தைரியசாலி இல்லை. உண்மையைச் சொன்னால் அவ்வளவுதான், முடிந்துவிடும் என்று நினைத்தேன். மிஸ்ஸுக்குக் கோபம் வரவில்லை. என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார். பிறகு தாளாளர் பக்கம் மெதுவாகத் திரும்பினார்.

"இப்பத்தான் சார் புரியுது. அந்தப் பொண்ணோட டப்பாவை இவ சாப்பிட்டிருக்கா. அதான் அது வெறும் வயித்துல நின்னு மயக்கம் போட்டிருக்கு."

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தாளாளர் பார்த்தார். அப்பா பார்த்தார். யாருக்கும் அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. என் உடம்பே போதுமானதாக இருந்தது.

"இல்ல சார், மூணு பேரும்தான்…" என்று யுரேனஸ் ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு" என்றார் தாளாளர்.

நெப்டியூனின் அம்மா எழுந்து என் முன்னால் வந்தார். என்னைவிடக் குள்ளம். கண் சிவந்திருந்தது. இரவெல்லாம் தூங்கியிருக்க மாட்டார்.

"எம் பொண்ணு சோத்த நீ துன்னியாடி? மலை மாறி கீற, உனுக்குத் துன்றதுக்கு எம் பொண்ணு டப்பாதான் கெடச்சுதா?"

அப்பா கை கூப்பினார். "தெரியாமச் செஞ்சிட்டாம்மா. பிள்ள கொஞ்சம் தீனிக்காரி. மன்னிச்சிருங்க" என்றார். பிறகு மிஸ்ஸிடம் என்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்காவிட்டால் அங்கேயே அடித்திருப்பார். கேட்டேன்.

"பரவாயில்ல, இனிமே அடுத்தவங்க டப்பாவைத் தொடாதே" என்றார் மிஸ்.

நெப்டியூன் திரும்பி வரவில்லை. டி.சி. வாங்கிக்கொண்டு மாநகராட்சிப் பள்ளிக்குப் போய்விட்டாள். யுரேனஸுக்கு அந்த வருடம் முழுக்க இடுப்பு வலி இருந்தது. எனக்கு வியாழனோடு இன்னொரு பெயரும் சேர்ந்தது, டப்பா திருடி. அது பள்ளிச் சுவரோடு நிற்கவில்லை. வேன் டிரைவர் சொல்லி, கடைப் பையன்கள் சொல்லி, கொருக்குப்பேட்டையில் எங்கள் சொந்தக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால்கூட என் சித்தி அதை வேடிக்கைக் கதையாகச் சொன்னாள். ஒரு பிள்ளை சோற்றைத் தின்று அவளை மயக்கம் போட வைத்தவள் இவள் என்று. வந்தவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். வந்தவர்கள் பதில் சொல்லி அனுப்பவில்லை.

நான் இப்போது ராயபுரத்தில் ஒரு சரக்கு ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மிஸ் தலைமையாசிரியை ஆகிவிட்டதாகக் கேள்விப்பட்டிருந்தேன். போன தை மாதம் திருவொற்றியூரில் ஒரு கல்யாணத்தில், சாப்பாட்டுப் பந்தியில், அம்மாவுக்குப் பக்கத்தில் நானும், எனக்கு மறுபக்கம் காலியாக இருந்த நாற்காலியில் அவரும் உட்காரும்படி ஆயிற்று. தலை கொஞ்சம் நரைத்திருந்தது. புடவையில் அதே கஞ்சி மடிப்பு.

என்னை அடையாளம் கண்டுகொண்டார். பெயரைச் சொல்லவில்லை. "வியாழன்தானே?" என்று சிரித்தார். "நாம அந்த வருஷம் பண்ண சூரியக் குடும்பம் மாதிரி அப்புறம் யாருமே பண்ணல."

"நெப்டியூனை ஞாபகம் இருக்கா மிஸ்?"

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "மயக்கம் போட்டாளே, அந்தப் பொண்ணா? நீகூட அவ டப்பாவை…" என்று சொல்லி, குறும்பு செய்த குழந்தையைத் தட்டுவது போல் என் கையைத் தட்டினார்.

அவர் நடிக்கவில்லை. அன்றைக்கு அறையில் அவர் கட்டிய கதை, இத்தனை வருடத்தில் அவருக்கே உண்மையாகிவிட்டிருந்தது.

"இல்ல மிஸ். மூணு பேரும் பங்கு போட்டுத்தான் சாப்பிட்டோம். அவ தண்ணி கேட்டா. நீங்க குடுக்கல. கையையும் நீங்கதான் கட்டுனீங்க. அதனாலதான் அவளுக்குப் பல்லு போச்சு."

குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. எதிர் வரிசையில் இரண்டு பேர் நிமிர்ந்தார்கள்.

"இத்தனை வருஷம் கழிச்சும் இதையெல்லாம் மனசுல வெச்சுகிட்டு இருக்கியா நீ?" என்றார் மிஸ் வருத்தத்தோடு. பிறகு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு இலையில் ரசம் ஊற்றச் சொன்னார்.

அம்மா மேசைக்குக் கீழே என் தொடையைக் கிள்ளினாள். "பெரிய மனுஷிகிட்ட என்ன பேச்சு பேசுத? பேசாமத் தின்னு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நெப்டியூனைப் பார்க்கப் போனேன். அவள் காட்டுப்பள்ளிப் பக்கம் கல்யாணமாகிப் போயிருக்கிறாள், இப்போது ஒரு குழந்தை இருக்கிறது. யுரேனஸ்தான் எங்கிருந்தோ அவள் நம்பரைத் தேடிப்பிடித்துக் கொடுத்தாள். நெப்டியூன் முன்பல் கட்டியிருந்தாள். சிரிக்கும்போது மேலுதடு ஒரு பக்கம் இழுத்தது. பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகத்தான் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறாளாம். தார்ப்பாயில் கட்டி நிறுத்திவைத்தார்கள் என்று சொல்ல அவமானமாக இருந்ததாம்.

பந்தியில் நடந்ததைச் சொன்னேன். குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கேட்டாள்.

"தையலு பிரிச்சதும் மொத வேலையா அம்மாவாண்ட சொன்ட்டேன்" என்றாள். "அவ துன்னல, மூணு பேரும்தான் துன்னோம், அவதான் என்ன பாத்து ஓடியாந்தான்னு. அவங்கூட்டுக்குப் போயி சொல்லிட்டு வாம்மான்னு அழுதேன்."

"அம்மா இன்னா சொன்னாங்க?"

அவள் குழந்தையின் வாயைத் துடைத்தாள்.

"‘வுடு. அந்தப் பொண்ணுக்கு இன்னா, அந்த ஒடம்புக்கு எல்லாம் தாங்கும்’னுச்சு."

அவள் அம்மா இறந்து மூன்று வருடமாகிறது. நல்ல மனுஷி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் நெப்டியூனிடம் அப்படித்தான் சொன்னேன். பஸ் ஏறித் திரும்பி வரும்போது, மிஸ்மேல் வந்ததைவிட அந்த அம்மாள்மேல்தான் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது. இன்னும் தணியவில்லை.